கயிறு கட்டின வீடு

ஆலங்காயம் போகிற வழியில், காடு ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு முனீஸ்வரன் உட்கார்ந்திருக்கிறார். மீசை மட்டுமே ஒரு முழம். அவரிடம் போய்க் கயிறு கட்டிக்கொண்டால் குடி நிற்கும் என்பது ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம். ஞாயிற்றுக்கிழமையானால் தோல் ஷாப்பு ஆட்களும் லாரிக்காரர்களும் கொத்தனார்களும் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வரிசையில் நிற்பார்கள். பின்னாலேயே அவரவர் பெண்டாட்டிமார். பூசாரி வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு சுற்றி முடிச்சுப் போடுவார். போட்ட பிறகு ஆம்பளையிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். பெண்டாட்டியைக் கிட்டே கூப்பிட்டுச் சொல்லுவார்.

"இந்தாம்மா, இனிமேப்பட்டு உன் வூட்ல அந்தப் பேரு யார் வாயிலயும் வரக்கூடாது. சாராயம்னோ பாட்டில்னோ, குடிச்சான் குடிக்கலன்னோ சொல்லவே கூடாது. சொன்னா முனி காதுல வுழும். முடிச்சு தானா நெகிழ்ந்துடும்."

குடித்தது அவன், வாயைக் கட்ட வேண்டியது இவள். இது எந்த ஊர் நியாயம் என்று அந்த முனியை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கிற தெம்பு இருந்தால் எதற்கு அங்கே போய் நிற்கப் போகிறார்கள். ஆகவே கயிறு கட்டின வீட்டில் அதற்குப் பெயர் 'அது'. தெருவும் அப்படியே நடந்துகொள்ளும். பக்கத்து வீட்டு மஹ்பூபி, முனிக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவள், இருந்தாலும் சம்பூர்ணம் வீட்டில் கயிறு ஏறிவிட்டது என்று தெரிந்ததிலிருந்து தன் வீட்டு வாசலில் நின்றுகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காய்ச்சின பாலைக் குடித்தாயா என்று பிள்ளைகளைக் கேட்பதற்குப் பதில், பால் சாப்பிட்டாயா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பூர்ணத்தின் புருஷன் மூர்த்திக்கு இது இரண்டாவது கயிறு.

மூர்த்தி தோல் ஷாப்பில் ஃபிரேம் ஆள். பதப்படுத்தின தோல் ஈரத்தோடு வரும். அதை ஓட்டை ஓட்டையாக இருக்கும் இரும்புச் சட்டத்தின் மேல் விரித்து, இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தராக நின்று இழுத்து, ஓரம் முழுக்கக் கிளிப் மாட்டிச் சூட்டு அறைக்குள் தள்ள வேண்டும். ஒருத்தர் ஜாஸ்தி இழுத்தாலும் தோல் கோணிக்கொள்ளும். ஒருத்தர் விட்டுக்கொடுத்தால் சுருக்கம் விழும். மூர்த்திக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவன் முஜாஹித். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே வேண்டியதில்லை, அப்படி ஒரு பழக்கம். மேஸ்திரி கவுஸ் பாஷா, மஹ்பூபியின் புருஷன், அந்த ஜோடியை மட்டும் வந்து பார்க்கவே மாட்டார்.

குடியை நாற்றத்துக்காக என்றுதான் ஆரம்பித்தான். தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழிப் பக்கம் வேலை செய்த காலத்தில் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். பிறகு நாற்றம் பழகிவிட்டது, குடி போகவில்லை. காலையில் எழுந்தால் கை நடுங்கும், டீ தரையில் சிந்தும். ஒரு கட்டிங், அதாவது அரைக் குவார்ட்டர், உள்ளே போனால் கை நிற்கும். கெடுத்ததும் அதுதான், மருந்தும் அதுதான் என்று ஆகிப்போனது. அவன் குடித்துவிட்டு அடிக்கிற ஆளும் இல்லை. அழுவான், மன்னிப்புக் கேட்பான், தெரு நாய்க்குப் பொறை வாங்கிப் போடுவான். அதுதான் சம்பூர்ணத்துக்குப் பெரிய பேஜார். அடித்திருந்தாலாவது போடா என்று அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். இவன் போதையில் வந்து, கால் வலிக்குதா பூர்ணம் என்று கேட்டால் எங்கே போவது. அவளும் நாள் முழுக்க ஷூ கம்பெனியில் நின்றபடி தோல் ஓரத்துக்குக் கம் தடவி மடிக்கிறவள், கால் வலிக்கத்தான் செய்தது.

முதல் கயிறு கட்டியது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். கட்டின மூன்றாம் நாள் காலையில் அவன் வேர்த்து ஊற்றி, உதறிக்கொண்டு, குழந்தை மாதிரி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். விடிய விடியத் தூக்கமில்லை அவளுக்கும். கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தபடி நின்றது. அந்த எரிச்சலில் வாய் தவறிவிட்டது. "போ, போய் குடிச்சுத் தொலை" என்று சொல்லிவிட்டாள். அவன் போனான். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்த முதுகும் நடுங்காத கையுமாகத் திரும்பி வந்து, கஞ்சி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டான்.

அன்றிலிருந்து அவள் நெஞ்சில் ஒரு கல் ஏறி உட்கார்ந்துவிட்டது. முனி காதில் விழுந்தது தன் வாய்ச்சொல்தான், முடிச்சை அவிழ்த்தது தன் நாக்குதான் என்று நம்பினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூர்த்தி குடித்துவிட்டு வரும் ஒவ்வொரு நாளும், இவன் தானாகவா குடிக்கிறான், நான் அனுப்பினேன், அதனால் குடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு சோறு போட்டாள்.

இரண்டாவது கயிறை அவனேதான் கேட்டான். மகள் சங்கீதாவை ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரனுக்குக் கொடுத்திருக்கிறது. பேத்தி பிறந்து பார்க்கப் போயிருந்தார்கள். மூர்த்தி காலையில் வேண்டிய அளவு மட்டும் போட்டுக்கொண்டு, வாய் நிறையப் பாக்கு மென்று, புதுச் சட்டையோடு போனான். கையை நீட்டினான். சங்கீதா, பிள்ளைக்குத் துணி மாற்றணும் என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். துணி மாற்றி முடித்தும் பிள்ளை அவன் கைக்கு வரவில்லை. திரும்பி வரும்போது பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வாணியம்பாடி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அப்புறம், "ஞாயித்துக்கெழம என்ன முனிகிட்ட இட்டுனு போ பூர்ணம்" என்றான். சம்பூர்ணம் அந்த ரயில் கூட்டத்திலேயே அழுதுவிட்டாள். இந்தத் தடவை என் உயிரே போனாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

கயிறு ஏறியது. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாள். அக்னி வெயில் காலம், ஓட்டு வீடு, உள்ளே சட்டியில் வறுபடுகிற மாதிரி இருந்தது. கேழ்வரகுக் கூழ் கரைத்து மோர் ஊற்றி வெங்காயம் நறுக்கி வைத்தாள். ஒரு வாய் உள்ளே போனால் இரண்டு வாயாக வெளியே வந்தது. மஹ்பூபி எலுமிச்சைச் சாறு பிழிந்து கொண்டுவந்தாள், அதுவும் நிற்கவில்லை. மறுநாள் சாயங்காலம் தண்ணீர் மொள்ளப் போனவன் அப்படியே சாய்ந்து, கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளினான். தெருவில் இருந்தவர்கள் ஓடி வந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அது தானாக நின்றது. எழுந்தவன் பேந்தப் பேந்த விழித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். வெயில் தலைக்கேறிவிட்டது என்றார்கள். முனி சோதிக்கிறார் என்று சம்பூர்ணம் நினைத்தாள். இப்போது பயந்தால் போன தடவை மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் அவள் அடுப்படியில் இருந்தபோது உள்ளே முஜாஹித்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மூர்த்தி சுவரோரம் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். இல்லாத தோலை இரண்டு கையாலும் விரித்து, ஓரத்தைத் தடவி, பக்கத்தில் இல்லாத டப்பாவிலிருந்து கிளிப்பை எடுத்து எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். உடம்பு கொதித்தது. கண் சிவந்து எங்கேயோ பார்த்தது.

"முஜாஹித், அந்தப் பக்கம் இழு. இன்னா தூங்குறியா, சுருங்குது பாரு" என்றான் அவளைப் பார்த்து.

சம்பூர்ணம் என்ன செய்வாள் பாவம். எதிரே போய் நின்று காற்றைப் பிடித்து இழுத்தாள். "ஆங், அப்படித்தான்" என்றான் அவன். கொஞ்ச நேரம் புருஷனும் பெண்டாட்டியும் அந்தச் சின்ன அறையில் இல்லாத தோலை இழுத்துக் கட்டினார்கள். அவன் வேலையில் எவ்வளவு கருத்தானவன் என்பதை அன்றைக்குத்தான் அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்ததில் பெருமையும் வந்தது, பயமும் வந்தது. அப்புறம் அவன் திடுக்கென்று பின்வாங்கி, தோல் நெளியுது, அதுக்குக் கண்ணு இருக்குது என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கவுஸ் பாஷா வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். கல்லு மாதிரி இருக்கிற அந்த மனுஷனையே இழுத்துக்கொண்டு போனான்.

கவுஸ் பாஷாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. போன வாரம் ஷாப்பில் கழிவுத் தொட்டியில் மோட்டார் நின்றுபோய், மூர்த்தியை அந்தப் பக்கம் அனுப்பியது அவர்தான். தொட்டி வாயு ஆளைத் தின்னும் என்பது அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கை உதறினாலும் வாயு, தலை சுற்றினாலும் வாயு என்றுதான் தோல் ஊர்க்காரர்களுக்கு முதலில் தோன்றும். வாயுதான் இப்போது மூளைக்கு ஏறிவிட்டது, யா அல்லா, நான் அனுப்பினேனே என்று ஆட்டோவில் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். சம்பூர்ணமும் அதைப் பிடித்துக்கொண்டாள். வாயு என்றால் வாயு. 'அது' இல்லை என்றால் சரி.

பைபாஸ் ஓரத்துச் சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் அஃப்ஷா அந்த ஊர்ப் பெண்தான், வயது கம்மி, ஆனால் கண்ணில் ஒன்றும் தப்பாது. நாடி பார்த்தாள், காய்ச்சல் பார்த்தாள், கவுஸ் பாஷா சொன்ன தொட்டிக் கதையைக் கடைசி வரை கேட்டாள். ஆக்ஸிஜன் மாஸ்க் வைக்கச் சொன்னாள். மூர்த்தி அதைப் பிடுங்கி, ஓரம் பார்த்து, கட்டில் கம்பியில் கிளிப்பாக மாட்டப் பார்த்தான். டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் திரும்பி, இவர் குடிப்பாரா என்று கேட்டாள்.

"அந்தப் பழக்கம் இல்லம்மா" என்றாள் சம்பூர்ணம்.

கவுஸ் பாஷா ஃபேனை அண்ணாந்து பார்த்தார். கூட வந்த மஹ்பூபி முக்காட்டை வாய் வரைக்கும் இழுத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். ஆனாலும் இன்னொரு வீட்டுக் கட்டு, அதை நாம் எப்படி அவிழ்ப்பது என்கிற மரியாதை. சம்பூர்ணம் தன்னளவில் பொய்யும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் தொடவில்லையே.

இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். வெயில் ஏற ஏற மூர்த்தியின் நாடியும் ஏறியது. நான்கு பேர் பிடித்துக் கட்டிலோடு துணியால் கட்டினார்கள். கட்டின கையிலும் விரல் மட்டும் கிளிப்பைத் தேடிக்கொண்டே இருந்தது. சங்கீதாவுக்குப் போன் பண்ணலாமா என்று மஹ்பூபி காதோடு கேட்டாள். வேண்டாம், பால் கொடுக்கிறவள், பதறிப்போவாள் என்றாள் சம்பூர்ணம்.

டாக்டர் மறுபடி வந்தாள். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு முட்டி இடிக்கிற மாதிரி எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் சொல்றத நல்லா கேளுங்க. இதுக்கு ரெண்டு வழி இருக்குது. வாயுதான்னா, உங்க வூட்டுக்காரருக்கு அடக்கற ஊசி போடக்கூடாது. போட்டா மூச்சு அடங்கிடும். குடிச்சுகினு இருந்தவரு திடீர்னு நிறுத்திட்டாருன்னா, அந்த ஊசிய இப்பவே போடணும். போடலன்னா உடம்பு தாங்காது. எனக்கு இதுல எந்த வழின்னு தெரியணும். வேலூருக்கு அனுப்பறதா இருந்தாலும் அவரு போய்ச் சேரணும் இல்ல. உங்களத் தவிர யாருக்குத் தெரியும், சொல்லுங்க."

கவுஸ் பாஷாவுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், நான் சொல்றேன்" என்று முன்னால் வந்தார்.

சம்பூர்ணம் கையை நீட்டித் தடுத்தாள். "வாணாம் பாய். கட்டினது என் வூடு. நீங்க சொன்னா அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்கு. நானே சொல்றேன்."

சொல்கிறேன் என்றாளே தவிர வாய் வரவில்லை. சொன்னால் முடிச்சு நெகிழும். பிழைத்து எழுந்து மறுபடியும் குடிப்பான், மறுபடியும் தானே அனுப்பினதாக ஆகும். சங்கீதா பிள்ளையைத் திருப்பிக்கொள்வாள். சொல்லாவிட்டால் கட்டிலில் அவன் விரல் நின்றுவிடும். அவள் மூர்த்தியைத் திரும்பிப் பார்த்தாள். குடித்தால் குடிக்கட்டும். தினமும் குடித்துவிட்டு வந்து, கால் வலிக்குதா பூர்ணம் என்று கேட்கட்டும். கேட்கிறதற்கு ஆள் இருந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"குடிப்பாரும்மா" என்றாள். "ரொம்ப வருசமா குடிக்கிறாரு. காலைல எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும். பொழுது சாஞ்சா ஒரு குவார்ட்டர். ஞாயித்துக்கெழம முனிகிட்ட கயிறு கட்டினோம். அன்னிலேர்ந்து ஒரு சொட்டு இல்ல. நேத்து வலிப்பு வந்துச்சு. அதையும் நான் சொல்லல."

இவ்வளவையும் தலையைக் குனியாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் மஹ்பூபியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அதற்குள் எழுந்து போய்விட்டாள். அடக்கற ஊசி ஒன்று, வைட்டமின் ஊசி ஒன்று, அதற்குப் பிறகு குளுக்கோஸ். நர்ஸ் கயிறு கட்டின கையைப் பிடித்தபோது, அந்தக் கையை விடு, இந்தக் கையில் போட்டுக்கலாம் என்று டாக்டர் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது.

ஒரு ஊசியில் அடங்கவில்லை, இன்னொன்று போட்டார்கள். மத்தியானம் சாயும்போது மூர்த்தியின் விரல்கள் மெல்ல மெல்லக் கிளிப் மாட்டுவதை நிறுத்தின. வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். கவுஸ் பாஷா வராண்டாவில் துண்டை விரித்துத் தொழுதுவிட்டு வந்து, எல்லாருக்கும் டீயும் பன்னும் வாங்கி வந்தார். டாக்டரும் ஒரு டீயை எடுத்துக்கொண்டு அவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.

கயிறு கட்டினதால் ஒருத்தனுக்கு இப்படி ஆகுமா என்று மஹ்பூபி கேட்டாள். கயிறு ஒன்றும் செய்யவில்லை என்றாள் டாக்டர். பிறகு சம்பூர்ணத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"மூளைக்குள்ள எப்பவும் ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் இழுத்துகினே இருப்பாங்கம்மா. ஒருத்தன் முழிச்சுக்க, ஓடு, பயப்படுன்னு இழுப்பான். இன்னொருத்தன் போதும், அடங்கு, தூங்குன்னு இழுப்பான். அந்த அடக்கறவனுக்கு கேபான்னு பேரு. ரெண்டு இழுப்பும் சமமா இருந்தாத்தான் மனுஷன் நேரா இருப்பான்."

"ஃபிரேம் மாதிரி" என்றார் கவுஸ் பாஷா.

"அதேதான் பாய். குடி உள்ள போனா, அந்த அடக்கறவன் பக்கம் சேந்துகினு இழுக்குது. அதனாலதான் மொதல்ல சொகமா இருக்குது, கை நிக்குது, தூக்கம் வருது. வருசக்கணக்கா தினமும் இப்படி ஆள் வந்து இழுத்துக் குடுத்தா, அவன் இன்னா பண்ணுவான்? நமக்குத்தான் ஆள் இருக்குதேன்னு கையத் தளத்திடுவான். எதிர்ப்பக்கத்துக்காரன் சும்மா இருப்பானா? அவன் இன்னும் ரெண்டு மடங்கா இழுப்பான். குடிக்கிற வரைக்கும் வெளிய ஒண்ணும் தெரியாது, தோலு நேராத்தான் நிக்கும். ஒரே நாள்ல குடிய எடுத்துட்டா?"

"கிழிஞ்சிடும்" என்றார் கவுஸ் பாஷா.

"அதான் ரெண்டு நாளா கிழிஞ்சுகினு இருந்துது. நாங்க போடற ஊசி அடக்கறவன் பக்கம் ஒரு ஆள நிறுத்துது. அவன் தன் கையாலயே இறுக்கிப் புடிக்கிற வரைக்கும் நிறுத்திட்டு, அப்பால கொஞ்சம் கொஞ்சமா அந்த ஆள எடுத்துடுவோம். அவ்ளோதான் வைத்தியம்."

சம்பூர்ணம் டீயைக் கையிலேயே வைத்திருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "டாக்டரம்மா, இதுக்கு முன்ன ஒருவாட்டி கயிறு கட்டினோம். மூணாம் நாளு இப்படித்தான் ஒதறினாரு. நான் வாய் தவறி, போய் குடிச்சுத் தொலைன்னு சொல்லிட்டேன். அதனாலதான் அவரு போனாரு. இத்தினி நாளா குடிச்சதெல்லாம் நான் சொன்னதாலதானே?"

மஹ்பூபி நிமிர்ந்து பார்த்தாள். சுவரோடு சுவராகக் குடியிருந்தும் அவளுக்கே தெரியாத சங்கதி இது.

டாக்டர் சம்பூர்ணத்தின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "நீங்க சொல்லலன்னாலும் அவரு போயிருப்பாரும்மா. உடம்பு அப்படி இழுக்கும். அன்னிக்கி அவரு போகாம இருந்திருந்தா, இன்னிக்கி பாத்தீங்களே, இது அன்னிக்கே ஆகியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அப்போ யாருக்கும் தோணியிருக்காது. உங்க வாயால அவரு கெட்டுப் போகல. இன்னிக்கி உங்க வாயாலதான் பொழச்சாரு."

சம்பூர்ணம் அழுதாள். புருஷன் கட்டிலில் துள்ளினபோது வராத அழுகை அது. இரண்டு வருஷத்து அழுகை, அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. மஹ்பூபி, பைத்தியமே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, இத்தனை நாளும் ஒண்டியாவா சுமந்தே என்று திட்டிக்கொண்டே தன் முக்காட்டால் அவள் மூக்கைத் துடைத்தாள். கவுஸ் பாஷா எழுந்து ரோட்டைப் பார்க்கப் போய்விட்டார். கயிறு கட்ட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், கட்டறதுக்கு முன்னாடி இங்கே ஒரு தடவை வந்து இவ்வளவு குடிக்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போய்க் கட்டுங்கள் என்று டாக்டர் சொன்னதை மஹ்பூபிதான் மனதில் வாங்கிக்கொண்டாள். அதைத் தெரு முழுக்கச் சொல்லுகிற பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

மூர்த்தி தூங்கித் தூங்கி எழுந்தான். ஒருமுறை கண் விழித்து இன்னும் எத்தனை தோல் பாக்கி என்று கேட்டான். அப்புறம் ஒருநாள் காலையில், ஜன்னலில் வெளிச்சம் வந்த பிறகு, சம்பூர்ணத்தைச் சம்பூர்ணமாகவே பார்த்து, "நீ சாப்ட்டியா" என்றான். அவள் தலையை ஆட்டினாள். என்ன ஆச்சு என்று கேட்டவனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். சுவரில் தோல் கட்டியதைச் சொன்னபோது, எதிர்ப்பக்கம் யார் இழுத்தது என்று கேட்டான். நான்தான் என்றாள். நேராக இழுத்தாயா என்று கேட்டுவிட்டுச் சிரித்தான், சிரிக்கும்போதே இருமல் வந்தது.

டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். மூர்த்தியைக் கையை நீட்டச் சொன்னாள். நீட்டினான். விரல்கள் இன்னும் நன்றாகவே நடுங்கின. அவள் நெற்றியைச் சுருக்கினாள். உங்கள் வீட்டம்மா சொன்ன குடிக் கணக்குக்கு இந்த மாத்திரை போதும், இதற்குள் நின்றிருக்க வேண்டும், ஏன் நிற்கவில்லை என்று தெரியவில்லை என்றாள். சம்பூர்ணம், நான் சொன்னதில் ஏதாவது தப்பா என்று கேட்டாள்.

மூர்த்தி அவள் பக்கம் திரும்பினான். "நீ இன்னா சொன்னே பூர்ணம்?"

"காலைல ஒரு கட்டிங். சாயங்காலம் ஒரு குவார்ட்டர்."

அவன் கூரையைப் பார்த்தான். கண்ணோரம் ஈரம் வழிந்து காதுக்குள் போனது, துடைத்துக்கொள்ளவில்லை.

"கம்மியா சொல்லிட்டே" என்றான்.

சம்பூர்ணம் அவனையே பார்த்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி, சட்டைப்பையை மோந்து, நடையைப் பார்த்து, மனதுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு அது. பொய்த்துப்போனது. கோபம் குபுகுபுவென்று மேலே வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அவன் கை நீட்டினபடியே, இறக்க மறந்து, அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ நீயே சொல்லு மாமா" என்றாள். "வெக்கப்படாத. ஒண்ணு வுடாம சொல்லு. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்தாள். மூர்த்தி சொல்ல ஆரம்பித்தான். "காலைல ஒண்ணு இல்லம்மா, ரெண்டு. அப்பால பத்து மணிக்கு ஷாப்புலயே, கிளிப் டப்பாவுக்குப் பின்னாடி ஒண்ணு வச்சிருப்பேன். அப்பால வூட்டுலயே, அரிசி டிரம்முக்குள்ள." இங்கே நிறுத்தி, பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அவள் மேலே சொல்லு என்று கையை அழுத்தினாள். அவன் மேலே சொன்னான்.